பன்னிரண்டுக்குப் பத்து அறையில் ஆறு ஸ்பீக்கர்

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கரிசல் காட்டில் இருக்கிறது இளையரசனேந்தல். இந்தப் பக்கத்து ஊர்களில் கோயில் கொடை என்றால் ரேடியோ செட் வந்து இறங்கியாக வேண்டும். மரத்தின் உச்சிக் கிளையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஆம்ப்ளிஃபயரை ஏற்றிவிட்டால், பாட்டு பருத்திக்காட்டைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போகும். வெட்டவெளியில் ஒலிக்கு எதிர்ச்சுவர் கிடையாது. போன சத்தம் போனதுதான். ஆகவே அங்கே எத்தனை வாட் என்ற கேள்விக்கு அர்த்தம் உண்டு. வீட்டு ஹாலுக்கு ஹோம் தியேட்டர் வாங்கக் கோவில்பட்டிக்கோ சங்கரன்கோவிலுக்கோ போகிறவர்களும் கடைக்காரரிடம் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நான்கு சுவருக்குள் வந்துவிட்டால் அந்தக் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

புதிதாக ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப் ஊஃபரும் வாங்கி மாட்டிய வீடுகளில் கேட்கிற குறை அநேகமாக ஒன்றுதான். பாட்டு அருமையாக இருக்கிறது, சண்டைக்காட்சியில் ஜன்னல் கதவு அதிர்கிறது, ஆனால் பேசுவது புரியவில்லை. வசனத்துக்காக ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டுவதும், அடுத்த நிமிடம் வெடிச்சத்தத்துக்குப் பயந்து குறைப்பதுமாகவே படம் முடிந்துவிடும். இதற்கு மருந்து இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் அல்ல. வாங்கியதைச் சரியாக வைத்து, அளந்து, இசைவாக்குவதுதான் மருந்து. அதற்குப் பெரும்பாலும் காசு செலவே கிடையாது.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால், 1 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 88 டெசிபல் கிடைக்கும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதில் ஒன்பதரை டெசிபல் குறையும். மிச்சமிருக்கும் 78 டெசிபலும் எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் குரலைவிடக் கணிசமாக அதிகம். வசனம் கேட்க 1 வாட்டே போதும் என்று இதற்குப் பொருள். திடீரென்று வரும் வெடிக்கும் தவிலடிக்கும்தான் மீதி வாட்டெல்லாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 50 வாட் செட்டுக்கும் 100 வாட் செட்டுக்கும் உள்ள வித்தியாசம் விலைச்சீட்டில் தெரிகிற அளவு காதில் தெரியாது. அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் பி.எம்.பி.ஓ. எண்ணுக்கு எந்த அளவீட்டு நெறியும் கிடையாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1974-லேயே ஆம்ப்ளிஃபயருக்கென்று தனி விதி போட வேண்டியிருந்தது. ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட சேனல் எதற்கு? 1931-இல் ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சினிமா பார்க்கப் போனபோது, நடிகர் திரையின் ஒரு பக்கமும் அவர் குரல் வேறு பக்கமுமாக இருந்தது அவரை உறுத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் பதிவு செய்த காப்புரிமையில்தான் இன்றைய ஸ்டீரியோவின் வேர் இருக்கிறது. 1933 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் இன்னொரு சோதனை செய்தது. ஃபிலடெல்ஃபியாவில் இசைக்குழு வாசிக்க, அந்த ஒலி தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்குக்குப் போனது. அங்கே ஒலி அளவுகளைக் கையாண்டவர் இசை நடத்துநர் லியோபோல்ட் ஸ்டகோவ்ஸ்கி. இடம், வலம் என்று இரண்டோடு அவர்கள் நிற்கவில்லை. நடுவே மூன்றாவதாக ஒன்றையும் வைத்தார்கள்.

அந்த நடு ஸ்பீக்கர்தான் நம் வீட்டு வசனத்தின் உயிர். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால், சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்குக் குரல் திரையிலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் குடும்பமே பாய் விரித்து ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை உட்காருகிறது. இடது சுவரோரம் சாய்ந்திருக்கும் பாட்டிக்கு இடது ஸ்பீக்கரின் ஒலி சில மில்லிசெகண்ட் முந்தி வந்து சேரும். முந்தி வந்த ஒலியின் திசையையே மூளை பிடித்துக்கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-இல் விரிவாக ஆராய்ந்தார். ஆக, பாட்டிக்குக் கதாநாயகன் இடது ஸ்பீக்கருக்குள்ளிருந்துதான் பேசுவான். சென்டர் ஸ்பீக்கர் இருந்தால் யார் எங்கே உட்கார்ந்தாலும் குரல் திரையை விட்டு நகராது.

தமிழ் சினிமா இந்தப் பாதையில் வேகமாகவே நடந்தது. 1978-இல் வந்த 'பிரியா'வின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். 1995-இல் பி.சி.ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்', டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில் வந்த முதல் இந்தியப் படம் என்று பெயர் பெற்றது. அதில் பாட்டே கிடையாது. மூச்சும் வசனமும் துப்பாக்கியும்தான். அந்த முறையில் இடம், நடு, வலம், பின் ஆகிய நான்கு சேனல்களையும் இரண்டு தடங்களுக்குள் மடித்து வைத்து, தியேட்டரில் பிரித்தெடுப்பார்கள். வீட்டுச் செட்டில் 'புரோ லாஜிக்' என்று வருவது அதே பிரிப்பு வேலையின் வீட்டு வடிவம், 1987-இல் வந்தது. 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களுக்காக நான்கு முறை தேசிய விருது பெற்ற ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதர் போன்றவர்கள் மிக்ஸிங் அரங்கில் உட்கார்ந்து, ஒரு குரல் எந்த அளவில், எங்கிருந்து வரவேண்டும் என்று இழைத்து வைத்த வேலை வீட்டுக்குள் வந்ததும் குலைகிறது என்பதுதான் வருத்தம்.

தமிழ்நாட்டில் இந்த ஆசை பெரிய கம்பெனிப் பெட்டிகள் வழியாக மட்டும் வரவில்லை. அசெம்பிள் செட் என்று தனி உலகமே இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், காலி கேபினெட் என்று தனித்தனியாக வாங்கி, ஊரில் ரேடியோ மெக்கானிக் ஒருவர் பூட்டித் தருவார். எல்ஏ 4440, டிடிஏ 2030, எஸ்டிகே வரிசை என்று ஐ.சி. எண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பையன்கள் எல்லாச் சிற்றூர்களிலும் உண்டு. ஸ்டீரியோவை ஆறு சேனலாக்கிக் கொடுக்க பிடி 2323, ஆறு சேனலின் அளவையும் 1 டெசிபல் படியாக ஏற்றி இறக்க பிடி 2258 என்று இரண்டு ஐ.சி. சேர்ந்த ரிமோட் கிட்டும் சல்லிசாகக் கிடைக்கிறது. பல சேனல் ஆம்ப்ளிஃபயர் என்பது அவ்வளவுதான்: ஒரே பெட்டிக்குள் ஒரே மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஐந்தாறு தனித்தனி ஆம்ப்ளிஃபயர்கள்.

அந்த மின்சாரப் பங்கீட்டில்தான் கிராமத்துச் செட் அடிபடுகிறது. டிடிஏ 2030 தாங்கும் உச்ச மின்னழுத்தம் இரு பக்கமும் 18 வோல்ட். வழக்கமாகப் போடும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் 12 வோல்ட் மாறுமின்சாரம் டையோடு வழியாகக் கெபாசிட்டரில் நிரம்பும்போது 16 வோல்ட் ஆகிவிடும். அலையின் உச்சம் அதன் ஆர்.எம்.எஸ். மதிப்பைப்போல 1.41 மடங்கு என்பதால் இப்படி. 230 வோல்ட் இருக்கிறவரை இது சரி. ராத்திரி ஊரெல்லாம் மோட்டாரை நிறுத்திய பிறகு லைன் 250-ஐத் தொட்டால் அதுவே பதினேழரை ஆகும். சத்தம் குறைவாக ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் சுமையின்றி இன்னும் சிறிது கூடுதலாகக் கொடுக்கும். 18 தாண்டியதும் ஐ.சி. போய்விடும். மெதுவாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதே செட் எரிந்தது எப்படி என்று வியப்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. 22 வோல்ட் தாங்கும் 2030ஏ வகையைப் போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

காசில்லாமல் சரவுண்ட் கேட்க மெக்கானிக்குகள் செய்யும் ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். பின் ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் இடது, வலது சேனல்களின் பிளஸ் முனைகளுக்கு நடுவே மாட்டிவிடுவார்கள். இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி வரும் பாடகர் குரல் அதில் ரத்தாகிவிடும். இரண்டுக்கும் வேறுபடுகிற கோரஸ், வயலின், எதிரொலி மட்டும் பின்னாலிருந்து வரும். அமெரிக்காவின் டேவிட் ஹாஃப்லர் பெயரில் வழங்கும் இணைப்பு இது. பழைய ஸ்டீரியோப் பாட்டுக்கு இதைப்போல எளிய விருந்து வேறில்லை. ஒரே எச்சரிக்கை: பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்ப்ளிஃபயரில் இதைச் செய்தால் பழுதாகும் ஆபத்து உண்டு.

இனி அறை. இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒலியைக் கெடுப்பதில் பெரும்பங்கு அறைக்குத்தான்.

நம் ஊர்ப் புதுவீட்டு அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. கான்கிரீட் கூரை, பூசிய சுவர், தரையில் டைல்ஸ். இந்தப் பரப்புகள் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் விழுங்கும். மீதியைத் திருப்பி அனுப்பும். ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895-இல் தொடங்கிய ஆராய்ச்சியில் கண்ட சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், சாமான் எதுவும் இல்லாத அந்த அறையில் ஒரு சத்தம் முழுக்க அடங்க 3 விநாடி வரை ஆகும். நம்மவர் வேகமாகப் பேசினால் 3 விநாடியில் ஏழெட்டுச் சொல் போய்விடும். முதல் சொல்லின் வால் எட்டாவது சொல்லின் தலைமேல் படுத்துக் கிடக்கும். வசனம் எப்படிப் புரியும்?

சபைனிடம் ஒப்படைக்கப்பட்ட விரிவுரை மண்டபத்தில் ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். பருத்தி விளையும் கரிசல் பூமியில் மெத்தைக்குப் பஞ்சமில்லை. ஒரு பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, டைல்ஸ் மேல் ஜமுக்காளம் விரித்து, நாலு பேர் உட்கார்ந்தால் அந்த 3 விநாடி 1 விநாடிக்குக் கீழே வந்துவிடும். சென்டர் ஸ்பீக்கரில் எந்த விலையுயர்ந்த மாற்றம் செய்தாலும் கிடைக்காத தெளிவு இது.

மெத்தைக்கு அடங்காதது கீழ்ச்சுருதி. 35 டிகிரி வெயில் நாளில் ஒலி விநாடிக்கு 352 மீட்டர் போகும். 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவருக்கு நடுவே 58 ஹெர்ட்ஸ் அலை போய்த் திரும்பித் தன்னோடு தானே சேர்ந்து பருக்கும். 12 அடிக்கு அது 48 ஹெர்ட்ஸ். நம் அறையில் அகலமும் உயரமும் ஒரே 10 அடி. ஆகவே 58 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகப் பருக்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் ஓடும் ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் 58-ஐ ஒட்டிய ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கி, மற்றவை மெலிந்து கேட்கும். சுவரில் சாய்ந்திருப்பவருக்கு 'தும்'மென்று அடிக்க, அறையின் நட்டநடுவில் இருப்பவருக்கு அந்த ஸ்வரமே காணாமல் போகும். இந்த அலையின் நீளம் 6 மீட்டர். அதை விழுங்கப் பஞ்சு ஒன்றரை மீட்டர் கனம் வேண்டும், வீட்டில் நடக்காது. சப் ஊஃபரை இடம் மாற்றுவதுதான் வழி. அதை உட்காரும் இடத்தில் தூக்கி வைத்து, பேஸ் கிடார் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து வந்தால், ஏதோ ஓரிடத்தில் எல்லா ஸ்வரமும் சமமாகக் கேட்கும். சப் ஊஃபருக்கு உரிய இடம் அதுவே. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம். எனவே அது கட்டிலுக்குப் பின்னால் இருந்தாலும் படத்துக்குக் குறையில்லை.

மற்ற ஸ்பீக்கர்களுக்கு இடம் முக்கியம். நம் வீடுகளில் கைக்கு எட்டக்கூடாது என்று லாஃப்டில் ஏற்றிவிடும் வழக்கம் உண்டு. ட்வீட்டரின் மெல்லிய ஒலி நேராகத்தான் போகும். லாஃப்டில் இருந்தால் அது எதிர்ச்சுவரின் மேல்பாதியில் மோதும். பாயில் உட்கார்ந்தவர் காது தரையிலிருந்து இரண்டரை அடிதான். முன் ஸ்பீக்கர்களை டி.வி. மேசை உயரத்துக்கு இறக்கி, காதைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். பின் ஸ்பீக்கர்களை முதுகுக்கு நேர்பின்னால் வைப்பதைவிட, இரு பக்கவாட்டிலும் சற்றே பின்தள்ளி வைப்பது சர்வதேச நெறி: முகத்துக்கு நேர்கோட்டிலிருந்து 100 முதல் 120 டிகிரி.

அடுத்து வயர். ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் அது வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் காணாமல் போகும், குரல் தலைக்குள் ஊசலாடும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றி, ஒரு டார்ச் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் கூம்பு முன்னால் வர வேண்டும். உள்ளே போனால் வயரை மாற்றிக் கொடுக்க வேண்டியதுதான். வெறுங்கண்ணுக்கே தெரியும்.

தூரத்தை டேப் வைத்து அளந்து செட்டில் பதிய வேண்டும். ஒலி 1 அடி போக முக்கால் மில்லிசெகண்டுக்கும் சற்று அதிகம் ஆகிறது. சென்டர் 9 அடியிலும் சரவுண்ட் 4 அடியிலும் இருந்தால் சரவுண்ட் 4 மில்லிசெகண்டுக்கு மேல் முந்திவிடும். முந்தியதன் திசைக்கே மூளை போகும் என்று ஹாஸ் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அளந்து பதிந்தால் செட் அந்தச் சரவுண்டைத் தாமதப்படுத்திக் கொடுக்கும். பிறகு அளவு. செட்டுக்குள்ளேயே 'இஸ்ஸ்' என்று ஒரு சோதனை ஒலி இருக்கும். உட்காரும் இடத்தில், காது உயரத்தில் கைப்பேசியை நீட்டி, ஒலி அளக்கும் செயலி ஒன்றில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 75 டெசிபலுக்குக் கொண்டுவர வேண்டும். கைப்பேசி சரியாக 75 காட்டுகிறதா என்பது பெரிதல்ல; ஐந்தும் ஒரே எண் காட்டினால் போதும். சப் ஊஃபருக்கு மட்டும் கைப்பேசி மைக்கை நம்பாமல் காதை நம்புவது மேல். யமஹாவின் ஒய்பிஏஓ, டெனான் செட்டுகளில் வரும் ஆடிசி ஆகியவை கூடவே தரும் மைக்கை வைத்து இதையெல்லாம் தாமே அளந்துகொள்ளும். அப்போதும் எந்த எண்களை அவை பதிந்தன என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அளக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். எல்லாம் முடிந்ததும், வழக்கமாக ஓட்டும் வேகத்தில் ஃபேனை ஓடவிட்டு ஒரு பேச்சுக் காட்சியைப் போட்டுப் பார்த்து, சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டிக்கொள்ளுங்கள். தியேட்டர் மிக்ஸிங் அறையில் சீலிங் ஃபேன் கிடையாது.

சண்டைக்கும் பேச்சுக்கும் உள்ள சத்த இடைவெளி தியேட்டருக்காக அமைந்தது. அங்கே ஒரு சேனலின் சராசரி அளவு 85 டெசிபல். அதற்கு மேல் 20 டெசிபல் உச்சத்துக்கு இடம் உண்டு. அந்த அளவில் வீட்டில் யாரும் கேட்பதில்லை. செட் மெனுவில் 'நைட் மோட்', 'டி.ஆர்.சி.' என்று இருப்பது இந்த இடைவெளியைச் சுருக்குவதற்குத்தான். குழந்தை தூங்கும் வீட்டில் அதைப் போடுவதில் ரசனைக் குறைவு எதுவுமில்லை. சத்தம் குறையும்போது காதுக்குப் பேஸ் முதலில் தேய்ந்துபோகும் என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் அதே 1933-இல், அதே பெல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார்கள். பழைய செட்டுகளின் 'லவுட்னஸ்' பட்டன் அதற்காகப் பிறந்தது.

உறுமல் ஒன்று பாக்கி. பாட்டு போடாதபோதும் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸில் ஓடும் அந்த ஒலிக்கு ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வதற்கு முன், செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டி.வி. வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உறுமல் நின்றால், கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வேறுவேறு மட்டத்தில் இருந்து நடுவே மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். கேபிளின் பாதையில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் தீரும். இதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது, செய்யவே கூடாது. ஆம்ப்ளிஃபயரைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் அடைப்பதும் தவறு. ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் எடுக்கும் மின்சாரத்தில் கிட்டத்தட்டப் பாதி வெப்பமாகவே வெளியே போகிறது. கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, கரிசல் புழுதி அப்பிய ஹீட் சிங்க்கால் அந்த வெப்பத்தைத் தள்ள முடியாது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் செட்டின் ஆயுள் கூடும்.

2012 டிசம்பரில் 'சிவாஜி' படத்தின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸ் ஒலியோடு வந்தது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை அது. வீட்டில் அதற்காகக் கூரையைத் துளைக்க வேண்டியதில்லை. முன் ஸ்பீக்கரின் தலைமேல் அண்ணாந்து பார்க்கும் ஒரு சிறு ஸ்பீக்கரை வைத்து, ஒலியைக் கூரையில் பட்டுத் திரும்பச் செய்கிறார்கள். ஓட்டுக் கூரையின் சரிவில் இது நடக்காது. தட்டையாக, கெட்டியாக, 10 அடி உயரத்தில் இருக்கும் கான்கிரீட் கூரைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. வசனத்தைக் கெடுத்த அதே கூரை இங்கே ஆறாவது ஏழாவது ஸ்பீக்கரின் வேலையைச் செய்கிறது. ஸ்பீக்கரிலிருந்து கூரைக்கும், கூரையிலிருந்து காதுக்கும் போகும் பாதையில் ஃபேன் இறக்கை குறுக்கிடாதபடி உட்காரும் இடத்தை ஓரிரு அடி முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள வேண்டும். சுவருக்கு மெத்தை சாய்க்கிறவர்கள், இந்த வகை செட் வைத்திருந்தால், கூரையில் மட்டும் துணியோ தெர்மாகோலோ ஒட்டாமல் விட்டுவிடலாம்.